அகியாவுக்குப் போகும் வழி

சூரியன் தலைகாட்டாத மாதத்தில், கனடாவின் வடகோடியில் இருக்கும் நுவாலிக் துறைக்குக் கப்பல் வரும் என்று சொன்னபோது அந்த ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெற்கிலிருந்து வருகிறவர்கள் எதையாவது சொல்வார்கள், பிறகு விமானம் ஏறிப் போய்விடுவார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. ஆனால் கப்பல் வந்தது. இரண்டு தீவுகளுக்கு நடுவே இருந்த நீரிணை, பனி இறுகிக் கிடக்க வேண்டிய காலத்தில், கறுத்த தண்ணீராய்த் திறந்து கிடந்தது. தண்ணீருக்கு மேலே ஆவி புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து முதலில் விளக்குகள் தெரிந்தன. பிறகு கப்பலின் மூக்கு தெரிந்தது. ஊர் முழுவதும் துறையில் நின்றது.

அன்று இறங்கிய சரக்கில் தக்காளியும் முட்டையும் மருந்துப் பெட்டிகளும் இருந்தன. அவற்றோடு ஜோனாசி என்ற வயதான மனிதரும் இறங்கினார். சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காகப் பல வருடங்கள் தெற்கே ஒரு நகரத்தில் அறையெடுத்து வாழ்ந்தவர். இனி மருந்தும் கருவிக்கு வேண்டிய சாமானும் குளிர்காலத்திலும் கப்பலில் வரும். உள்ளூர் மருத்துவ நிலையத்திலேயே அவருக்கு வைத்தியம் செய்யலாம். அதனால்தான் ஊர் திரும்பினார்.

இதையெல்லாம் சாத்தியமாக்கியவள் சுகிர்தா. பருத்தித்துறையில் பிறந்து, சிறுவயதில் கனடாவுக்கு வந்து, ஹாலிஃபாக்ஸில் கடலியல் படித்தவள். வெளிக்கடலின் பனி இப்போதெல்லாம் மெல்லியது. கப்பல்கள் உடைத்துக்கொண்டு வந்துவிடும். நீரிணையில்தான் பனி ஒன்றின்மேல் ஒன்று ஏறி மதில் போல நிற்கும். அதைத் திறக்கும் வேலையை ஒரு கொம்பனி எடுத்தது. கணக்கும் வரைபடமும் சுகிர்தாவுடையவை. துறையில் இருந்த வேலைத்தலத்துக்குப் பொறுப்பாளர் ஜெயசீலன். அவரும் அவள் ஊர்ப்பக்கம்தான், மயிலிட்டிக்காரர், முன்பு கப்பல் எஞ்சினியராக இருந்தவர். அவளுக்கு அவர் சீலண்ணை.

அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்து. ஜோனாசி அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவானது ஆங்கிலம். இருவருக்குமே அது தாய்மொழி அல்ல என்பதால் சுற்றிவளைக்காமல் பேசிக்கொண்டார்கள்.

"பனியைக் கரைக்க நெருப்பு வைத்தீர்களா?"

"இல்லை. சூடு கடலுக்குள்ளேயே இருக்கிறது," என்றாள் சுகிர்தா. "மேலே இருக்கிற தண்ணீரில் உப்புக் குறைவு. லேசான தண்ணீர். நல்ல குளிர். அது பாலின் மேல் ஆடை மாதிரி மேலேயே கிடக்கும். அடியில் இருப்பது உப்புக் கூடினது, கொஞ்சம் சூடானது. உங்கள் தேநீர் மாதிரிச் சூடு இல்லை, பனியைக் கரைக்கிற அளவுக்குச் சூடு. ஆடை மூடியிருப்பதால் அது மேலே வர முடியாது. நாங்கள் அடியில் குழாய் போட்டுக் காற்றை விடுகிறோம். குமிழி மேலே வரும்போது அடித்தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும்."

"இது நீங்கள் கண்டுபிடித்ததா?"

"இல்லை. தானாகவே நடக்கிற இடங்கள் உண்டு. சில இடத்தில் கரைக்காற்று பனியை உறைய உறையத் தள்ளிக்கொண்டே போகும், கரையோரம் தண்ணீர் திறந்து கிடக்கும். சில இடத்தில் அடியிலிருந்து சூடு வரும். ரஷ்யர்கள் இதற்கு பொலினியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்."

"நாங்களும் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் நாங்கள் அதைப் போய்ச் செய்ததில்லை." ஜோனாசி தன் பகடிக்குத் தானே சிரித்தார். "வேண்டாம் என்று தோன்றினால்?"

"காற்றை நிறுத்தினால் போதும். கொஞ்ச நாளில் ஆடை படிந்து, மூடிக்கொள்ளும்."

அவள் கேக்கை வெட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். யோசித்துச் சொல்ல வேண்டிய விடயமாக அது அவளுக்குப் படவில்லை.

நீரிணையின் மறுகரையில் இருந்த ஊரின் பெயர் அகியா. எதிர்க்கரை என்பதுதான் அதன் பொருளே. இரு ஊர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. குளிர்காலத்தில் பனி இறுகியதும் மக்கள் பனிவண்டியில் ஏறி அந்தப் பக்கம் போவார்கள். கலியாணம், சாவீடு, கடல்நாய் இறைச்சிப் பங்கு எல்லாம் அந்தப் பனிவழியாகத்தான். நீரைத் திறப்பதற்கு முன்பே அகியா மக்கள் இதைக் கேட்டார்கள். வடக்குப் பக்கம் மட்டும் திறக்கும், தெற்கே பனிவழி அப்படியே இருக்கும் என்று கொம்பனி உறுதி சொன்னது. எது பாதுகாப்பான பனி என்று காட்ட, வழி நெடுகச் சிவப்புக் கொடிகளை நட்டது சுகிர்தாதான். ஒவ்வொரு குளிர்காலமும் தன் கையால் துளைபோட்டுப் பனியை அளந்து நட்டாள்.

முதல் குளிர்காலத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது குளிர்காலத்தில், அளந்து கொடி நட்டுச் சில வாரம் கழித்து, மருத்துவ நிலையத் தாதி உலாயுக் அவளைத் தேடி வேலைத்தலத்துக்கு வந்தாள். அந்தக் குளிரில் மேலங்கிகூடப் போடாமல் வந்திருந்தாள்.

"தாகாக் வந்து சேரவில்லை," என்றாள்.

தாகாக், உலாயுக்கின் தங்கை லீட்டியாவின் கணவர். அகியாவிலிருந்து காலையில் கிளம்பியவர். தேடப் போனவர்களோடு சுகிர்தாவும் போனாள். பாதி வழியில் பனிவண்டித் தடம் ஒரு வட்டமான கறுப்புத் தண்ணீரில் போய் முடிந்திருந்தது. தடம் கொடிகளுக்கு வெளியே போகவில்லை. இரண்டு கொடிகளுக்கு நட்ட நடுவே, சொன்ன வழியில் சொன்னபடி வந்திருந்தார் தாகாக்.

சுகிர்தா படுத்தபடியே ஊர்ந்துபோய்ப் பக்கத்தில் துளை போட்டாள். தன் முழங்கையளவு இருக்கும் என்று அளந்து வைத்திருந்த பனி இப்போது உள்ளங்கையளவுகூட இல்லை. மேலே வெண்பனி பழையபடி இறுகிக் கிடந்தது. பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சூடான தண்ணீர் அவள் போட்ட எல்லையைத் தாண்டித் தெற்கே பரவி, அடியிலிருந்து பனியைத் தின்றிருந்தது.

அவள் எழுந்து நின்றபோது யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருவர் அவள் கையிலிருந்த துளைபோடும் கருவியை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

தாகாக்கின் உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு யாரும் பனிவழியில் போகவில்லை. வாரம் ஒருமுறை வரும் சிறு விமானம்தான் இரு ஊர்களுக்கும் மிஞ்சியது.

அந்த விமானத்தில் லீட்டியா நுவாலிக்குக்கு வந்தாள். கூட அகியாவிலிருந்து சிலர். மறுபடியும் அதே பள்ளிக்கூட மண்டபம். லீட்டியா நெடுநெடுவென்று உயரமானவள்; பேசும்போது குரலை உயர்த்தவில்லை.

"நீ திறந்தாய். உன்னால் மூட முடியுமா?"

"முடியும்," என்றாள் சுகிர்தா.

"உண்மையாகவா?"

"உண்மையாக. கோடை முடியும்போது காற்றை நிறுத்திவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் உங்கள் வழி திரும்ப வந்துவிடும்."

ஜெயசீலன் எழுந்து, தண்ணீரை மூடினால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் என்னவெல்லாம் வராது என்பதை எடுத்துச் சொன்னார். மிரட்டலாக இல்லை, தெரிந்து முடிவெடுங்கள் என்ற மாதிரித்தான் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் ஜோனாசியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். உலாயுக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அவளுடைய நோயாளி. மறுபக்கம் அவளுடைய தங்கை.

ஜோனாசி தானே எழுந்தார். "நான் தெற்கே போகிறேன். அங்கே தொலைக்காட்சியில் ஹொக்கி நன்றாகத் தெரியும்," என்றார். பகடிதான், ஆனால் இந்தமுறை அவரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மறுபடி எழுந்து, "தாகாக் எனக்கு இறைச்சி கொண்டுவருவான்," என்று மட்டும் சொன்னார்.

நுவாலிக் மக்கள் கைகளை உயர்த்தினார்கள். மூடுவது என்று முடிவாயிற்று.

கோடையின் கடைசிக் கப்பலில் ஜோனாசி போனார். அதற்குப் பிறகு ஒரு நாள் காலை ஜெயசீலன் காற்றை அடிக்கும் கம்பிரசர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். இரைச்சலுக்குப் பழகிப்போயிருந்த காதுக்கு ஊர் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. தண்ணீரில் குமிழிகள் குறைந்து, பிறகு நின்றுபோயின. சுகிர்தாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் பனிக்காகக் காத்திருந்தாள்.

குடாக்கள் உறைந்தன. வெளிக்கடல் வெள்ளையாயிற்று. நீரிணையில் ஒரு நாள் எண்ணெய் படிந்த மாதிரி சாம்பல் நிறப் படலம் வந்தது. மறுநாள் அது இல்லை. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. இன்னும் குளிர் போதவில்லை என்றாள் சுகிர்தா. குளிர் போதுமான அளவுக்கு வந்து, அதற்கு மேலும் வந்தது. தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டு திறந்தே கிடந்தது.

ஜெயசீலன் படகை எடுத்தார். நடு நீரிணையில் நிறுத்தி, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவியைச் சுகிர்தா கயிற்றில் இறக்கினாள். திரையில் கோடு ஓடியது. மேலிருந்து அடிவரை ஒரே நேர்கோடு. அவள் கருவியை ஏற்றி, துடைத்து, இன்னோர் இடத்தில் இறக்கினாள். அங்கும் அப்படித்தான்.

"என்ன மாதிரி?" என்றார் ஜெயசீலன்.

"ஆடையே இல்லை அண்ணை."

"விளங்கேல்லை."

"மேல் தண்ணி, கீழ்த் தண்ணி எண்டு ரெண்டு இருந்தது. இப்ப ஒண்டுதான் இருக்கு. நாங்கள் விட்ட காத்து எல்லாத்தையும் கலந்து விட்டுட்டுது."

"காத்தைத்தான் நிப்பாட்டிப் போட்டமே. பிறகும் ஏன் கலக்குது?"

"தண்ணி உறையேக்கை உப்பை வெளியிலை தள்ளும். முந்தி மேலை உப்புக் குறைஞ்ச தண்ணி கிடந்ததாலை அந்த உப்பு ஒண்டும் செய்யேல்லை. இப்ப மேல் தண்ணி கொஞ்சம் உறைஞ்ச உடனை பாரமாகிக் கீழை போகுது. அந்த இடத்துக்கு வெளிக்கடல் அடியிலை இருந்து சூட்டுத் தண்ணி வருது. வந்து பனியைக் கரைக்குது. திரும்ப உறையுது, திரும்பக் கீழை போகுது." அவள் கயிற்றைச் சுருட்டினாள். "இப்ப அதுக்கு நாங்கள் தேவையில்லை அண்ணை. தானே ஓடுது."

"எப்ப மூடும்?"

"உருகின பனித்தண்ணி நிறைய வந்து மேலை பரவினால் மூடலாம். அது அடுத்த வருசமும் வரலாம். எங்கட காலத்திலை வராமலும் விடலாம்."

ஜெயசீலன் கொஞ்ச நேரம் எஞ்சினைத் தொடாமல் இருந்தார். படகு தன்பாட்டில் ஆடியது. மத்தியானம்தான், ஆனால் வானத்தின் தெற்கோரம் மட்டும் கொஞ்சம் நீலமாக இருந்தது.

"ஒரு அலுவல் செய்வம்," என்றார். "கம்பிரசரைத் திரும்பப் போடுவம்."

"என்னத்துக்கு? அதாலை ஒண்டும் ஆகாது."

"எனக்குத் தெரியும். சனத்துக்காகச் சொல்லுறன். கொம்பனி மூட விடேல்லை எண்டு சொல்லுவம். கொம்பனியைத் திட்டட்டும், என்னைத் திட்டட்டும். நான் வாங்கிக் கட்டுறன். ஆனால் சுவிட்ச் எங்கட கையிலை இருக்கு எண்டு நம்புவினம். கடல் ஒருத்தற்றை கையிலையும் இல்லை எண்டு தெரிஞ்சால் அந்தச் சனம் என்னெண்டு நித்திரை கொள்ளும்?"

அவர் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் சுகிர்தாவை உலுக்கியது. அவர் சொன்னபடி செய்தால் தன் பெயரும் பிழைக்கும் என்பதும் அவள் மனதுக்குள் வந்து போனது. ஒரு கடலியலாளரின் தோல்வியைவிட ஒரு கொம்பனியின் பேராசையை உலகம் சுலபமாக நம்பும். ஒருவரும் ஆராயப் போவதில்லை.

"அவை பனிவழியைப் பாத்துக்கொண்டு இருப்பினம் அண்ணை," என்றாள் கடைசியில். "வருசா வருசம் இந்தக் குளிருக்கு மூடுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருப்பினம். ஓரத்திலை கொஞ்சம் இறுகினால் ஒருத்தன் வண்டியை எடுப்பான்."

ஜெயசீலன் எஞ்சினைக் கிளப்பினார். கரை வந்ததும், "ஆரிட்டை முதல் சொல்லப் போறீர்?" என்று கேட்டார்.

"லீட்டியாட்டை."

"நானும் வாறன்."

"வேண்டாம். முடியும் எண்டு சொன்னது நான்."

வார விமானத்தில் அவள் அகியாவுக்குப் போனாள். விமானத்திலிருந்து பார்க்க நீரிணை வெள்ளைத் துணியில் எரிந்த ஓட்டைபோல இருந்தது. லீட்டியாவின் வீடு கரையோரத்தில் இருந்தது. அவள் மேசையில் தேநீரும் உலர்ந்த மீனும் வைத்தாள். உடுப்புக் கொழுவியில் ஓர் ஆணின் மேலங்கி இன்னும் தொங்கியது.

சுகிர்தா தேநீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆடை, உப்பு, தானாக ஓடுவது. பிழை எங்கே வந்தது என்பதையும் சொன்னாள்: மூடிக்கொள்ளும் என்ற கணக்கை, கலங்காத கடலை வைத்துப் போட்டிருந்தாள். தான் கலக்கியதற்குப் பிறகு அது அந்தக் கடலே அல்ல என்பதை யோசிக்கவில்லை. லீட்டியா குறுக்கிடாமல் கேட்டாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஜெயசீலனுக்கும்."

"என் அக்காவுக்கு?"

"இன்னும் சொல்லவில்லை."

லீட்டியா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து தண்ணீர் தெரியும்.  சுகிர்தா அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அழத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது," என்றாள் லீட்டியா, திரும்பாமலே. "அது போகுமா என்று தெரியாது. நீ வந்து சொன்னதால் போய்விடும் என்று நினைக்காதே."

"நினைக்கவில்லை."

"முடியும் என்று நீ சொன்னாய். அதை நம்பித்தான் அந்தக் கிழவர் போனார். எனக்காகத்தான் போனார்." அவள் திரும்பினாள். "தண்ணீர் மூடவில்லை. அப்படியென்றால் அவர் எதற்கு அங்கே இருக்கிறார்?"

சுகிர்தா பல நாட்களாகத் தண்ணீரைப் பற்றியே யோசித்திருந்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கப்பலைக் கூப்பிடு," என்றாள் லீட்டியா. "அவரை ஏற்றிக்கொண்டு வரச் சொல். எங்களுக்குப் படகுகள் வேண்டும், குளிர்காலத்தில் ஓடுகிற மாதிரி நல்ல படகுகள். அதையும் உன் கொம்பனியிடம் கேள். இனிக் கொடி நடாதே. இரண்டு ஊரிலும் எல்லோருக்கும் சொல். சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல். இது இனிப் பனி இல்லை என்று."

அடுத்த விமானம் வரும்வரை சுகிர்தா அகியாவில் தங்கினாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிலர் கதவைத் திறந்து கேட்டார்கள், ஒருவர் பாதியில் கதவைச் சாத்தினார். நுவாலிக் திரும்பியதும் உலாயுக்கிடம் சொன்னாள். உலாயுக் கேட்டு முடித்துவிட்டு, ஜோனாசியின் படுக்கைக்குப் புது விரிப்புத் தேடப் போனாள். கொம்பனியை இணங்க வைத்தது ஜெயசீலன். எப்படி என்று அவர் சொல்லவில்லை. தொலைபேசியில் அவர் அப்படிக் கத்தி அவள் முன்பு கேட்டதில்லை.

பகலென்று சொல்லத்தக்க அந்தக் கொஞ்ச நேர நீல வெளிச்சத்தில் கப்பல் வந்தது. கம்பிரசர் கொட்டில் பூட்டிக் கிடக்க, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாத தண்ணீரில் வந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு போல ஊர் ஆரவாரிக்கவில்லை. சரக்கை இறக்கக் கைகொடுத்தார்கள். கப்பலின் தளத்தில் கட்டியிருந்த இரண்டு படகுகளை இறக்கினார்கள்.

ஜோனாசி மெலிந்திருந்தார். லீட்டியா துறையில் நின்றாள். முந்திய விமானத்தில் வந்திருந்தாள். அவர் கையிலிருந்த பையை அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் தங்கள் மொழியில் ஏதோ பேசினார்கள். பிறகு அவர் சுகிர்தாவின் பக்கம் வந்தார்.

"எப்போது மூடும்?"

"தெரியாது," என்றாள் சுகிர்தா.

அவர் தலையாட்டினார். "ஹொக்கியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்," என்று முறைப்பாடு சொல்லிவிட்டு, உலாயுக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவ நிலையத்தின் பக்கம் நடந்தார்.

புதுப் படகுகளில் ஒன்று அகியாவுக்கு. அதை ஓட்டிக்கொண்டு போக லீட்டியாவே வந்தாள். இறைச்சிப் பங்குக்குப் பதிலாக இந்தமுறை தக்காளிப் பெட்டிகள் அந்தப் பக்கம் போயின. கூட வருகிறோம் என்று இரண்டு பேர் முன்வந்தார்கள். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றாள்.

ஜெயசீலனும் சுகிர்தாவும் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகின் விளக்கு ஆவிக்குள் போயிற்று. எஞ்சின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பாதித் தூரம் போனதும் அது நின்றுவிட்டது.

"எஞ்சினிலை ஏதும் பிழையோ?" ஜெயசீலன் மற்றப் படகை நோக்கி ஓர் அடி வைத்தார். "போய்ப் பாப்பமே?"

சுகிர்தா அவர் கையைப் பிடித்தாள். தாகாக்கின் வண்டித் தடம் முடிந்த இடம் அது என்று அவளுக்குத் தெரியும்.

விளக்கு அசையாமல் நின்றது. துறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார்கள்.  பிறகு, வெகுநேரம் கழித்து, எஞ்சின் மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது. விளக்கு மெல்ல நகர்ந்து அகியாவை நோக்கிப் போனது.